பத்துக்கு ஒன்பது

முதலில் எனக்குத் தப்புச் செய்தவள் ஹேமலதா.

அதைத்தான் குளோரி டீச்சரிடம் முதலில் சொன்னேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன்.

"யாரு, நிருவோட அம்மாவா?"

"அவதான்."

"உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி."

"உக்காரதுக்கு வரல டீச்சர்."

டீச்சர் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் நின்றேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில், பேச்சு வராத சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். அந்தப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் என்னுடையது. என் பெயர் ஆவுடையப்பன். ஐந்தாவது வரை படித்தவன். வயது அறுபத்துமூன்று.

ஏழு பிள்ளைகள் வந்தார்கள். இப்போது ஐந்து.

ஹேமலதாவின் மகன் நிருவுக்கு நாலரை வயது. காலையில் என் வேனில் முதலில் ஏறுவான். மாலையில் கடைசியாக இறங்குவான். அந்தப் பத்து நிமிடம் வேனில் நானும் அவனும்தான்.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் அது நடந்தது. அவள் குடியிருக்கும் ஃபிளாட்டின் கேட்டில் வேனை நிறுத்தினேன். என்னைப் பார்த்ததும் நிரு கத்தினான். சில மாதமாகவே அப்படித்தான் கத்துகிறான். ஹேமலதா அவன் சட்டையைத் தூக்கினாள். முதுகு சிவந்திருந்தது.

"என் பிள்ளையை என்ன செஞ்சீங்க டிரைவர்?"

வாட்ச்மேன் பார்த்தார். கீரைக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஒன்றரை வருஷமாக அவளுக்கு நான் அண்ணாச்சி. அன்றைக்கு டிரைவர்.

வேறு வேன் கிடைக்கும்வரை, கார்த்திகைக் கடைசி வரைக்கும்தான் என் வேன் என்றும் சொன்னாள். மறுநாளே இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மீதி ஐந்து வீட்டிலும் கதவைத் திறக்கும்போது என் கையைப் பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் டீச்சரிடம் சொன்னேன்.

"நீங்க அடிச்சீங்களா?" என்றார்.

"இல்ல."

"சரி."

"நம்புதீங்களா டீச்சர்?"

"நம்புறதுக்கும் நம்பாம இருக்கிறதுக்கும் எங்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட கேட்டுட்டேன். அவங்ககிட்டயும் கேப்பேன்."



"அவகிட்ட கேட்டா அவ பக்கம்தான் சொல்லுவா. பேச்சு வராத பிள்ளைகிட்ட கேக்கத்தான உங்களுக்குத் தெரியும்? அவன்கிட்டயே கேளுங்க."

"அவன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்க முடியும்."

"என்ன கேள்வி?"

டீச்சர் இரண்டு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்றில் பிஸ்கட் வைத்தார். இன்னொன்றில் ஒரு பொம்மை பஸ்.

"இதுவா, அதுவா?"

"அந்தக் கேள்வி போதும் எனக்கு. ஒரு தட்டுக்குப் பதில் என்னை வைங்க."

"போதாது. முதல்ல நீங்க கேக்கப் படிக்கணும்."

நியாயம் கேட்கப் போனவனிடம் தட்டைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

*

"நிருவுக்கு எது பிடிக்கும்?"

"பஸ்."

"எப்படித் தெரியும்?"

"நான் தினமும் ஏத்தி இறக்குதவன். ரோட்டுல பஸ்ஸைக் கண்டா அவன் முகத்தைப் பாக்கணுமே."

"வச்சுப் பாருங்க."

நிருவின் முன்னால் இரண்டு தட்டையும் வைத்தேன். அவன் பஸ்ஸை எடுத்தான். மறுபடி வைத்தேன். மறுபடியும் பஸ். ஆறு தடவையும் பஸ்.

"பாத்தீங்களா?" என்றேன்.

டீச்சர் தட்டுகளை இடம் மாற்றி வைத்தார்.

நிரு பிஸ்கட்டை எடுத்தான்.

எனக்குப் புரியவில்லை.

"அவன் பஸ்ஸை எடுக்கல அண்ணாச்சி. சோத்துக்கைப் பக்கம் எது இருந்துச்சோ அதை எடுத்தான். நீங்க பஸ்ஸை அந்தப் பக்கமே வச்சீங்க."

"வேணும்னு வைக்கலையே."

"வேணும்னு வச்சா கண்டுபிடிச்சிரலாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றி வைத்தேன். கிரேயான், கிலுகிலுப்பை, அவல், ரப்பர் பந்து, ஊதினால் குமிழி வரும் பபிள்ஸ் டப்பா. எடுத்ததற்கு டீச்சர் நோட்டில் ஒரு கோடு போடுவார். எடுக்காததற்கு ஒன்றும் கிடையாது. மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. பபிள்ஸ் டப்பா எந்தப் பக்கம் இருந்தாலும் நிரு எட்டி எடுத்தான்.

"சேக்கும்போது அவனுக்குப் பிடிச்சது எதுன்னு அவன் அம்மா ஃபாரத்துல என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"கிரேயான்."

"அப்ப அவளும் தப்பு."

"ஆமா. நீங்க ரெண்டு பேரும் ஒரே மார்க்."

ஆயா செல்லக்கனி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை வருஷமாகத் தெரியும் என்று நினைத்த பிள்ளை. பஸ் என்றே நினைத்திருந்தேன். இன்னும் என்னவெல்லாம் தப்பாக நினைத்திருக்கிறேனோ என்று ஒரு பயம் வந்தது.

*

வெள்ளிக்கிழமை டீச்சர் இரண்டு நாற்காலியை அறையின் இரண்டு மூலையில் போட்டார்.

"ஒண்ணுல நீங்க. ஒண்ணுல செல்லக்கனி."

"அவகூடயா?"

செல்லக்கனி வாசலில் நின்றாலே பிள்ளைகள் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடிப்பார்கள். எந்தப் பிள்ளையாவது என் சட்டையைப் பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"வேற ஆள் போடுங்க டீச்சர்."

"யாரைப் போட்டா நீங்க ஜெயிப்பீங்க?"

நான் போய் உட்கார்ந்தேன்.

"கூப்பிடக் கூடாது. சிரிக்கக் கூடாது. கையை நீட்டக் கூடாது," என்றார்.

"பின்ன என்ன செய்ய?"

"உக்காந்திருக்கணும். இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. அடிச்சீங்களா இல்லையாங்கிறதை இது சொல்லாது. அவன் எந்தப் பக்கம் வாறாங்கிறதைத்தான் சொல்லும்."

ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். நிரு எந்தக் கோட்டைத் தொடுகிறானோ அது கணக்கு. தொட்டதும் தூக்கிக்கொண்டு மறுபடி வாசலில் விடுவார். பத்துத் தடவை. ஐந்து தடவை முடிந்ததும் நானும் செல்லக்கனியும் மூலை மாற வேண்டும்.

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவன் பத்துத் தடவையும் அவளிடம் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். டீச்சர் யாரிடமும் சொல்ல மாட்டார். செல்லக்கனி சொல்லுவாள்.

டீச்சர் நிருவின் கையை விட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். கத்தினான். கேட்டில் கத்துகிற அதே கத்தல்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் தடவையும் கத்தினான். மூன்றாம் தடவையும். மூலை மாறும்போதுகூடத் தரையைப் பார்த்தபடியே மாறினேன். என் காதில் அந்தக் கத்தல் மட்டும்தான் இருந்தது. எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

"முடிஞ்சுது டீச்சர். நான் வண்டியை வித்துடுதேன்."

"கண்ணைத் திறங்க."

"வேண்டாம்."

"திறங்க அண்ணாச்சி."

திறந்தேன். நிரு என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"இது பத்தாவது. இந்தத் தடவை நான் தூக்கல," என்றார் டீச்சர். "பத்துக்கு ஒன்பது உங்ககிட்ட வந்தான்."

"எங்கிட்ட ஒரு தடவை வந்தான்," என்று சிரித்தாள் செல்லக்கனி. "அதுவும் பல்லியைப் பாத்துக்கிட்டே வந்துட்டான்."



"கத்துதானே டீச்சர்."

"நீங்க வாயைக் கேட்டீங்க. நான் காலைப் பாத்தேன்."

"என்கிட்ட வாறவன் ஏன் கத்தணும்?"

டீச்சர் என் நெஞ்சுப் பக்கம் பார்த்தார்.

நிருவின் கை என் சட்டைப் பையில் இருந்தது.

அவன் ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்தான். கத்தல் நின்றது. காகிதம் பிரிகிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லக்கனி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

*

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் சிக்னலில் நின்றபோது நிரு அழுதான். பையில் ஒரு மிட்டாய் இருந்தது. கொடுத்தேன். நிறுத்திவிட்டான். மறுநாளும் அழுதான். மறுநாளும் கொடுத்தேன். பிறகு வேனில் ஏறியதும் அழுதான். பிறகு வேனைப் பார்த்ததும் கத்தினான். கேட் தாண்டி வளைவில் திரும்பியதும் கொடுத்துவிடுவேன். அடுத்த வீடு வருவதற்குள் தின்றுவிடுவான்.

"கத்துனா மிட்டாய்," என்றார் டீச்சர். "கத்தாம இருந்தா?"

"கத்தாம இருந்தா நான் வண்டி ஓட்டுவேன்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

 

"அவனுக்கு இனிப்பு குடுக்கக் கூடாதுன்னு அவங்க அம்மா உங்ககிட்ட சொல்லியிருந்தாங்களா?"

"சொன்னா."

"ஐப்பசியில நாலு பல்லு எடுத்தாங்க."

"தெரியும். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினது நான்தான்."

அன்றைக்குத் திரும்பி வரும்போது, மயக்கம் தெளியாத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஹேமலதா கேட்டாள். "வீட்டுல சீனிகூடக் குடுக்க மாட்டேனே, எப்படி அண்ணாச்சி சொத்தையாச்சு?" கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. "பால் பல்லுதானம்மா, முளைச்சுக்கிடும்," என்றேன்.

அதையும் டீச்சரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு, கேட்க வந்ததைக் கேட்டேன்.

"பத்துக்கு ஒன்பதுன்னு எழுதித் தாங்க டீச்சர். கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுத் தாங்க. அதை அவ கையில குடுக்கணும்."

டீச்சர் எழுதினார். எந்த நாள், எத்தனை தடவை, எந்த நாற்காலி என்றெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் மேல்பாதியோடு முடித்துவிட்டு, அதை என் பக்கம் தள்ளினார். மேலே ஒரு பென்சிலை வைத்தார்.

"இது என்னத்துக்கு?"

"கீழ்ப்பாதி உங்களுக்கு."

"எழுதாம குடுத்தா?"

"குடுங்க."

"அவ நம்புவாளா?"

"நம்புவாங்க. நாளைக்கும் அவன் கத்துவான்."

அந்த மேல்பாதியை மட்டும் கிழித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். மடித்தும் பார்த்தேன். நேராகத்தான் மடிந்தது.

பிறகு பிரித்து எழுதினேன். நாலு வரி. அரை மணி நேரம் ஆனது.

*

ஹேமலதா அதைப் படிக்கட்டில் நின்று படித்தாள். நிரு வேனிலேயே தூங்கிவிட்டான்.

மேல்பாதியைப் படித்தபோது அவள் முகம் மாறவில்லை. கீழே வந்ததும் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். என் எழுத்து அப்படி.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு. சில நாள் மூணு."

"எந்த மாசத்துல இருந்து?"

"ஆடி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பதிலுக்குச் சொல்ல ஒன்றிரண்டு வைத்திருந்தேன். நீ பிள்ளையைப் பார்க்கிற லட்சணம் தெரியாதா என்று ஒன்று.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பல்லு தேய்க்க வாயைத் திறக்க மாட்டான்," என்றாள். "நான் ஒழுங்கா தேய்க்காததாலதான் பல்லு போச்சுன்னு நெனச்சேன். இனியாவது விடக் கூடாதுன்னு பிடிச்சு இழுத்தேன். கையைக் கடிச்சுட்டான்."

கடிபட்ட கையைப் பார்த்தாள்.

"அடிச்சது நான்தான்."

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார இடம் இல்லை.

"அவன் அப்பா மஸ்கட்ல இருந்து போன்ல பாத்துட்டார். முதுகுல என்னன்னு கேட்டார். அவன் உங்களைக் கண்டா கத்துறது ஞாபகம் வந்துச்சு. உங்க பேரைச் சொல்லிட்டேன். சொன்ன பிறகு, காலையில எல்லார் முன்னாடியும் கேக்க வேண்டியதாப் போச்சு."

"வேண்டியதாப் போச்சா?"

அவள் காகிதத்தை மடித்தாள்.

"அந்த எல்லார்கிட்டயும் இப்ப சொல்லும்மா. வாட்ச்மேன்கிட்ட சொல்லு. கீரைக்காரிகிட்ட சொல்லு. பிள்ளையை நிறுத்தின அந்த ரெண்டு வீட்டுலயும் சொல்லு."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"அது எனக்குத் தெரியாது. நான் எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். வாட்ச்மேன் ஸ்டூலில் இருந்து எழுந்தார். நான் வேன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். சட்டைப் பொத்தானைக்கூடச் சரி பார்த்தேன்.

அவள் வாட்ச்மேனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தண்ணி மோட்டாரை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன்மா."

திரும்பி வந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டாள்.

*

முதுகு சிவந்த கதையை மறுநாளே அவள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். புதன்கிழமைதோறும் வந்து, பல் தேய்க்கிற பிரஷை வைத்துக்கொண்டு டீச்சரிடம் ஏதோ படிக்கிறாள். டீச்சரிடம் சொல்ல வாய் வந்திருக்கிறது.

எனக்கும் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். இனி மிட்டாய் கிடையாது. கத்தினால் நான் ஒன்றும் செய்யக் கூடாது. அவன் வாயை மூடி, ஒன்று இரண்டு மூன்று எண்ணுகிற நேரம் சும்மா இருந்தால், உடனே பபிள்ஸ் ஊத வேண்டும்.

"கொஞ்ச நாள் இன்னும் அதிகமாத்தான் கத்துவான்," என்றார்.

"எவ்வளவு அதிகமா?"

"தெரு கேக்கும்."

கேட்டது. முதல் நாள் பதினோரு நிமிடம். இரண்டாம் நாள் இருபது. அந்தக் கேட்டில், அந்த ஆட்கள் முன்னால், ஒரு பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறான். ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கிய நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மாடியில் ஜன்னல்கள் திறந்தன. ஒருவர் செல்போனை நீட்டினார். கீரைக்காரி, "கல்லு மாதிரி நிக்காரு பாரு," என்றாள்.

ஹேமலதா படியில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று பெட்டிக்கடைக்குப் போய் மிட்டாய் ஜாடியின் முன்னால் நின்றேன். கடைக்காரர் வழக்கமானதை எடுக்கப் போனார். தீப்பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு பீடிப் பழக்கம் கிடையாது.

ஐந்தாம் நாள் எட்டு நிமிடம்.

ஒன்பதாம் நாள் நிரு படியிறங்கி வந்தான். வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு, என் மணிக்கட்டில் கையை வைத்தான்.

ஊத எனக்கு மூச்சு வரவில்லை. மூன்றாவது தடவைதான் குமிழி வந்தது.

*

நேற்று மாசக் கடைசி. ஹேமலதா வேனை நிறுத்தவில்லை. தொடர்ந்து வரச் சொல்லவும் இல்லை. டீச்சரிடம் போனேன்.

"அவ இன்னும் சொல்லல டீச்சர்."

"பிள்ளை கத்துறானா?"

"கத்தல. பிள்ளை கணக்கு முடிஞ்சுது. என் கணக்கைக் கேளுங்க. அவ எல்லார் முன்னாலயும் சொன்னா. எல்லார் முன்னாலயும் அதை எடுக்கணும். அந்த ரெண்டு வீடும் அப்பதான் திரும்பி வரும்."

டீச்சர் நோட்டை மூடினார்.

"அவங்க இப்ப எதுவரைக்கும் வாறாங்க?"

"எதுவரைக்கும்னா?"

"காலையில."

"முந்தி படியோட நின்னுருவா. இப்ப ஒரு வாரமா கேட் வரைக்கும் வாறா. வாட்ச்மேன் பக்கத்துல நிக்கா. வாயைத் திறக்கா, மூடுதா."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு அவர்கிட்ட, 'அண்ணே, அன்னைக்கு நான் இந்த வேன்காரரை...'ன்னு ஆரம்பிச்சா. கீரைக்காரி திரும்பிப் பாத்தா. உடனே, குப்பை வண்டி வந்துச்சான்னு கேட்டுட்டு நின்னுட்டா."

"அப்ப உங்களைப் பாத்தாங்களா?"

"பாத்தா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செய்ய? எனக்கு வரவேண்டியது முழுசா வரல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

டீச்சர் பபிள்ஸ் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அப்ப நாளைக்குப் படியோட நின்னுருவாங்க," என்றார்.